வாசிக்கப்படாத வேதாகமம்

ஈழத்துத் தமிழ் உரைநடையின் வளர்ச்சி பற்றிய விரிவுரையொன்றின்போது எமது விரிவுரையாளர் எழுப்பிய ஒரு வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. ஆறுமுக நாவலர் 1854இல் வெளியிட்ட ‘சைவதூஷண பரிகாரம்’ என்னும் நூலைப்பற்றி அவர் அன்று விளக்கிக்கொண்டிருந்தார். சைவரின் ஆலய வழிபாட்டை மிஷனரிமார் இழித்துரைத்தபோது அதற்கு நாவலர் விடையிறுத்த முறை வியப்புக்குரியது. சைவ நூல்களை மாத்திரம் துணைக்கொண்டு அவர் வாதாடவில்லை. மிஷனரிமாரின் கையிலிருந்த வேதாகமத்தையே திறந்து, இஸ்ரவேலரின் வழிபாட்டிலும் பலிபீடமும் தூபமும் தீபமும் படையலும் குருமாரின் சுத்திகரிப்பும் இருந்தனவன்றோ என்று எடுத்துக்காட்டினார். இவ்விடத்தில் விரிவுரையாளர் சற்று நிறுத்தி, “இவ்விதிகள் விரிவாகக் கூறப்படுவது வேதாகமத்தின் எப்பகுதியில்? கிறிஸ்தவ மாணவர் யாரேனும் கூறலாமே” என்றார்.

வகுப்பிலே கிறிஸ்தவர் ஐவர் இருந்தோம். ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோமேயன்றி வாய் திறந்தோமல்லோம். ஈற்றில் எனக்குப் பின் வாங்கில் இருந்த சைவத் தோழியொருத்தியே, “யாத்திராகமத்தின் பிற்பகுதியிலும் லேவியராகமத்திலும்” என்று விடை கூறினாள். கண்டன இலக்கியம் பற்றிய ஒப்படையொன்றுக்காக அப்பகுதிகளை நூலகத்தில் இருந்து வாசித்ததாகப் பின்னர் சொன்னாள்.

குழந்தைப் பருவத்திலே ஞானஸ்நானம் பெற்றவள் நான். ஞாயிறு பாடசாலைப் போட்டிகளிற் பரிசில்கள் பெற்றவள். கல்விப் பொதுத் தராதர சாதாரணதரப் பரீட்சையில் கிறிஸ்தவ பாடத்தில் மிக உயர்ந்த சித்தியும் எனக்குண்டு. அவ்வாறிருந்தும் என் வேதநூலில் இன்னது இன்ன இடத்தில் உள்ளது என்பதை என் சைவத் தோழி கூறக் கேட்டு அறிந்துகொண்டேன். அன்று எனக்கு ஏற்பட்ட வெட்கம் ஒரு வினாவுக்கு விடை தெரியாமையால் மாத்திரம் எழுந்ததன்று. லேவியராகமத்தை நான் மறந்துவிடவில்லை. அதனை ஒருபோதும் வாசித்ததேயில்லை என்ற உண்மை அப்போதுதான் எனக்கே புலனாயிற்று.

இது என் ஒருத்தியின் குறையாயின் எழுதுவதற்கு எதுவுமில்லை. ஆனால் வகுப்பிலிருந்த மற்றை நால்வரும் வெவ்வேறு சபைகளைச் சார்ந்தவர்கள். விடுதியில் அன்றிரவு நாம் மனந்திறந்து பேசியபோது, வேதாகமத்தின் ஒரு புத்தகத்தையேனும் முதல் அதிகாரம் தொட்டு இறுதி அதிகாரம் வரை தொடர்ச்சியாக வாசித்தவர் எம்மில் ஒருவர் மட்டுமே என்பது தெரியவந்தது. அவரும் நான்கு அதிகாரங்களே கொண்ட ரூத்தின் சரித்திரத்தையே வாசித்திருந்தார். நாம் அனைவரும் ஆராதனைக்குச் செல்பவர்கள். பாடகர் குழுவிற் பாடுபவர்கள். நத்தார்க் காலத்திற் கீதம் பாடி வீடு வீடாகச் செல்பவர்கள். சபைக்குள்ளே இருந்துகொண்டே சபையின் நூலை அறியாதிருப்பவர்கள்.

இந்நிலை வேறெங்கும் ஏற்படுவதைவிட யாழ்ப்பாணத்து மரபில் வந்தவர்களிடையே ஏற்பட்டிருப்பது கூடிய சிந்தனைக்குரியது. ஏனெனில் எமது பிரதேசத்துக் கிறிஸ்தவம் வாசிப்போடு பிறந்த கிறிஸ்தவமாகும். ஒல்லாந்தர் காலத்திலே பல்தேயுஸ் பாதிரியார் மத்தேயு சுவிசேஷத்தைத் தமிழாக்குவதில் ஈடுபட்டார். இந்நாட்டவரான பிலிப்பு தெ மெல்லோ பெயர்த்த புதிய ஏற்பாடு 1759இற் கொழும்பிலே அச்சேறியது. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பளையிற் பணி தொடங்கியபோது ஆலயத்தோடு பாடசாலையையும் சேர்த்தே நிறுவினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவிற் பெண்கள் விடுதிப் பாடசாலையும் எழுந்தன. பெண்கள் எழுத்தறிதல் தகாதென்று கருதப்பட்ட அக்காலத்திற் பெண்பிள்ளைக்கு எழுத்துக் கற்பித்ததன் நோக்கங்களுள் முதன்மையானது அவள் வேதத்தைத் தானே வாசிக்க வேண்டும் என்பதாகும்.

பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் மேற்பார்வையில் நடைபெற்ற மொழிபெயர்ப்பிலே இளைஞரான நாவலர் துணைநின்றமையும், அப்பெயர்ப்பு 1850இல் வெளிவந்தமையும் நாம் அறிந்தனவே. பின்னர் போவர் ஐயரின் தலைமையிற் திருத்தப்பெற்று 1871இல் நிறைவெய்திய பெயர்ப்பே இன்றும் தமிழ்ப் புரட்டஸ்தாந்து சபைகளிற் பெருவழக்காயுள்ளது. இப்பெயர்ப்புகளைச் செய்தோர் தம் நூலுக்கும் அதன் பகுதிகளுக்கும் இட்ட பெயர்களைச் சற்று நோக்குவோம். ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் என ஐந்து ஆகமங்கள்; முழு நூலுக்கும் வேதாகமம் என்று பெயர். வேதம், ஆகமம் என்னும் இரண்டும் சைவ உலகத்துச் சொற்கள். நன்கு கற்றுத் தெளிந்து ஓதவேண்டிய நூல் இது என்பதைத் தமிழர்க்கு உணர்த்தவல்ல சொற்களாக அவை தெரியப்பட்டன எனலாம். இப்பெயரைச் சூடிய நூலை நாமோ ஓதாமலே வைத்திருக்கிறோம்.

இவ்வெண்ணங்களோடு விடுமுறைக்கு ஊர் சென்றேன்.

வலிகாமத்தில் உள்ள எமது வீட்டில் அம்மம்மா இருக்கிறார். எண்பது வயதைத் தாண்டியவர். கண்ணில் நீரழுத்த நோயினாற் சில ஆண்டுகளாக அவரால் வாசிக்க முடிவதில்லை. முன்பெல்லாம் விடியற்காலையில் விளக்கின் முன்னிருந்து அவர் வேதாகமம் வாசிக்கும் ஒலி கேட்டே நாம் கண்விழிப்போம். அவ்வொலி நின்றுபோனதை வீட்டில் எவரும் பெரிதாகக் கவனித்ததாக எனக்கு நினைவில்லை. இம்முறை நான் சென்று அவரருகில் இருந்தபோது அவரே கேட்டார்: “பிள்ளை, எனக்குக் கண் தெரியேல்லை. நீ வாசி, நான் கேக்கிறன்.”

எதை வாசிக்க வேண்டும் என்றேன். ஆபகூக் என்றார். நான் தேடினேன். பொருளடக்கத்தைப் பாராமற் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற வீம்போடு பக்கங்களைப் புரட்டினேன். நெடுநேரம் தாள்கள் சரசரப்பதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மம்மா, “நாகூமுக்கும் செப்பனியாவுக்கும் நடுவில பார்” என்றார். பார்வையற்றவர் பார்வையுள்ளவளுக்கு வழிகாட்டினார். வாசிக்கத் தொடங்கிய பின்னரும் நான் ஒரு சொல்லைத் தவறவிட்டபோதெல்லாம் மெல்லிய குரலில் அதனை எடுத்துக் கொடுத்தார்.

அம்மம்மாவின் அந்த வேதாகமத்தை நான் அதற்கு முன்னர் கவனித்துப் பார்த்ததில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் மழையினூடே தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோது, தையல் இயந்திரத்தையும் பாத்திரங்களையும் விட்டுவிட்டுக் காணி உறுதியோடு சேர்த்து அவர் எடுத்துச் சென்ற நூல் அது. முதல் வெற்றுத் தாள்களிற் குடும்பத்தாரின் பிறப்புகள், திருமணங்கள், இறப்புகள் எழுதப்பட்டுள்ளன. அவ்விடப்பெயர்வின்போது, சொந்த ஊருக்கு மீளாமலே இறந்துபோன அவரது தாயாரின் பெயரும் திகதியும் அங்கே உள்ளன. உள்ளே பக்க ஓரங்கள் எங்கும் பென்சிலாற் சிறு குறிப்புகள்.

அக்குறிப்புகளில் என்னைத் திகைக்கச் செய்தது ஒரே சொல். பல இடங்களில், பல காலத்துக் கையெழுத்தில், ‘விளங்கவில்லை’ என்று எழுதப்பட்டிருந்தது. யோபின் சரித்திரத்தில் உண்டு. நியாயாதிபதிகள் புத்தகத்தில் உண்டு. பவுலின் நிருபங்களில் நிறைய உண்டு. ஏன் அவ்வாறு எழுதினார் என்று கேட்டேன். “விளங்காத இடத்தில அடையாளம் வைக்காட்டில், விளங்கினதெண்டு நினைச்சுப்போடுவன்” என்றார்.

137ஆம் சங்கீதத்தின் இறுதியிலும் அச்சொல் இருந்தது. பாபிலோனிற் சிறைப்பட்ட யூதர் ஆற்றங்கரையிலிருந்து தம் ஊரை நினைத்து அழுததையும், தமது இசைக்கருவிகளை மரங்களிலே தூக்கிவிட்டதையும், அவர்களைச் சிறைப்பிடித்தோர் பாட்டுப் பாடும்படி கேட்டதையும் கூறும் சங்கீதம் அது. இடப்பெயர்வுக் காலத்து ஆராதனைகளிலே அது அடிக்கடி வாசிக்கப்பட்டது என்று பெரியோர் கூறக் கேட்டிருக்கிறேன். ஆனால் அது அழுகையோடு முடிவதில்லை. பாபிலோனியரின் குழந்தைகள் கற்பாறையில் மோதப்படுவதை விரும்பும் ஒரு கொடிய சாபத்தோடு முடிகிறது. பொதுவாக ஆலயங்களிற் கடைசிப் பகுதியை விட்டுவிட்டே வாசிப்பர். கத்தோலிக்கத் திருச்சபையிலே 1971 முதல் வெளிவந்த புதிய நாளாந்தச் செபநூலிலும் அவ்விறுதி வசனங்கள் விடப்பட்டுள்ளன. அம்மம்மா அந்த வசனங்களின் பக்கத்தில் இளமைக் காலத்துத் தெளிவான எழுத்தில் ‘விளங்கவில்லை’ என்று குறித்திருந்தார். அதன் கீழே வேறொரு பென்சிலால், நடுங்கிய எழுத்தில், ‘1995 மார்கழி. விளங்குகிறது. பயமாயிருக்கிறது’ என்றிருந்தது.

“இதை எப்ப எழுதினனீங்கள், அம்மம்மா?” என்று வாசித்துக் காட்டிக் கேட்டேன்.

சிறிது நேரம் அவர் பேசவில்லை. பின்னர், “மீசாலையில ஒரு பள்ளிக்கூட விறாந்தையில இருந்து. அம்மா செத்து மூண்டாம் நாள். ஆற்றையோ பிள்ளையளுக்குக் கேடு வரவேணுமெண்டு நானும் நினைச்சுப்போட்டன். அப்பதான் இது ஏன் எழுதிக் கிடக்கெண்டு விளங்கிச்சுது” என்றார்.

வேதாகம அறிவு என்பது என்ன என்ற வினாவுக்கு அதனிலும் தெளிவான விடையை எந்த நூலிலும் நான் இதுவரை கண்டதில்லை. அம்மம்மா அச்சாபத்தை நியாயப்படுத்தவில்லை. அதிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளவுமில்லை. தன் மனத்துள் எழுந்த பகையைத் தன் வேதத்திலே எழுதியிருக்கக் கண்டார். கண்டதனால் அதற்கு அஞ்சினார். விரும்பிய வசனங்களை மாத்திரம் வாசித்திருந்தால் அந்த அச்சத்துக்கு அவரிடம் இடமிருந்திருக்காது.

எமது தலைமுறைக்கும் வேதாகமத்துக்கும் இடையே இத்தகைய உறவு ஏன் இல்லாமற் போயிற்று? காரணங்கள் சிலவற்றை என் அனுபவத்தைக்கொண்டு கூறலாம்.

முதலாவது, வாசிப்பைப் பழக்கிய நிறுவனங்கள் மாறிவிட்டன. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றபோது, நாள்தோறும் வேதவாசிப்போடு தொடங்கிய பாடசாலை மரபும் பல இடங்களில் முடிவுக்கு வந்தது. கல்வி எல்லோர்க்கும் பொதுவாக வேண்டும் என்ற கொள்கை நியாயமானதே. ஆயினும் பாடசாலை செய்துவந்த பணியைச் சபை பொறுப்பேற்றிருக்க வேண்டும். அது முழுமையாக நிகழவில்லை. கிறிஸ்தவம் ஒரு பரீட்சைப் பாடமாயிற்று. பரீட்சைக்கு வேண்டியது குறிப்புகளேயன்றி நூலன்று. வேதாகமத்தைத் திறவாமலே கிறிஸ்தவ பாடத்தில் உயர்ந்த சித்தி பெறலாம் என்பதற்கு நானே சான்று.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை எமது கையில் இல்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஞாயிறு காலையில் எனக்குக் கணித ரியூசன் இருந்தது. என் வயதினர் அனைவருக்கும் ஏதோ ஒரு பாடம் இருந்தது. ஞாயிறு பாடசாலையில் எஞ்சியோர் சிறு பிள்ளைகள் மாத்திரமே. ஆதலால் நாம் கற்ற வேதாகமம் சிறு பிள்ளைகளின் வேதாகமமாகவே நின்றுவிட்டது. நோவாவின் பேழை, தாவீதின் கவண், தானியேலின் சிங்கக் கெபி என்பவற்றோடு எமது அறிவு பத்து வயதில் வளர்ச்சி குன்றிப்போயிற்று. இருபது வயதிற் பௌதிகமும் பொருளியலும் அரசறிவியலும் கற்கும் ஒருவர் தம் சமயத்தை மாத்திரம் பத்து வயதுப் பிள்ளையாக நின்று நோக்குவாராயின், அச்சமயம் அவருக்கு விரைவிற் சிறுபிள்ளைத்தனமாகவே தோன்றும்.

மூன்றாவது, மொழி. 1871ஆம் ஆண்டுப் பெயர்ப்பின் நடை கம்பீரமானது. ஆயினும் அதன் வடசொற்களும் நீண்ட வாக்கியங்களும் இன்றைய இளைஞர்க்கு எளிதில் அகப்படுவனவல்ல. கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தினரும் இணைந்து உழைத்ததன் பயனாக 1995இல் வெளிவந்த ‘திருவிவிலியம்’ இக்காலத் தமிழில் அமைந்தது. ஆனால் எமது சபை போன்ற பல சபைகளில் அது ஆராதனைக்கு வரவில்லை. பழைய பெயர்ப்பை விளங்கிக்கொள்ளக் கற்பிப்பாரும் இல்லை. புதியதை ஏற்பாரும் இல்லை. இரண்டுக்கும் நடுவே பிள்ளைகள் வேதாகமத்தையே கைவிட்டனர்.

நான்காவது காரணத்தை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். நாம் நூலை வாசிப்பதில்லை, வசனங்களைப் பொறுக்குகிறோம். ஆலயத்திலே வசனம் திரையில் வீழ்கிறது. முன்னும் பின்னும் தெரிவதில்லை. கைத்தொலைபேசியிலே நாளுக்கொரு வசனம் பூக்களின் படத்தோடு வருகிறது. புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கத்தைப் பலரும் அறிவர். உயர்தரப் பரீட்சை எழுதிய ஆண்டில் நான் எடுத்த அட்டையில் எரேமியாவின் 29ஆம் அதிகாரம் 11ஆம் வசனம் இருந்தது. தேவன் எம்மைக்குறித்துத் தீமையை அன்று, நன்மையையே எண்ணியிருக்கிறார் என்பது அதன் கருத்து. அதனைப் படிக்கும் மேசையில் ஒட்டி வைத்து, என் பரீட்சைப் பெறுபேற்றைப் பற்றிய வாக்குறுதியாகவே எண்ணி ஆறுதலடைந்தேன்.

இவ்விடுமுறையிலேதான் அந்த அதிகாரத்தை முழுமையாக வாசித்தேன். அது எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி பாபிலோனில் இருந்த அகதிகளுக்கு எழுதிய கடிதம். அங்கே வீடு கட்டுங்கள், தோட்டம் இடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், நீங்கள் வாழும் அந்நகரின் நலத்துக்காக மன்றாடுங்கள் என்று அவர் எழுதுகிறார். விரைவிலே ஊர் திரும்பலாம் என்று இனிக்கப் பேசுவோரை நம்பவேண்டாம் என்று எச்சரிக்கிறார். அதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்பவன் இரண்டே ஆண்டில் யாவும் சீராகும் என்று கூறி மக்களை மகிழ்விக்கிறான். எரேமியாவோ எழுபது ஆண்டுகள் என்கிறார். என் அட்டையில் அச்சிடப்பட்டிருந்த 11ஆம் வசனத்துக்கு முந்திய வசனமே அவ்வெழுபது ஆண்டைக் கூறுவது. அக்கடிதத்தைக் கேட்ட முதியோர் ஒருவரும் ஊர் திரும்பப்போவதில்லை. அவர்களுக்குக் கூறப்பட்ட நன்மை அவர்களுடைய பேரப்பிள்ளைகள் காணவேண்டிய நன்மை.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியோருட் பலர் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் தம் காணிக்கு மீளவில்லை. முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இறந்துபோனோர் எத்தனையோ பேர். இரண்டு ஆண்டு, இரண்டு மாதம் என்று எமக்கும் பலர் வாக்களித்தனர். எரேமியாவின் கடிதத்தை அதன் முழு வடிவில் வாசித்து விளங்கிக்கொள்ள எம்மைவிடத் தகுதியுடைய வாசகர் உலகில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். அத்தகைய நாம் அதிலிருந்து ஒரு வசனத்தைக் கத்தரித்துப் பரீட்சை மேசையில் ஒட்டிவைத்திருக்கிறோம். வேதாகம அறிவு குறைந்துவிட்டது என்பதன் பொருள் மனனஞ் செய்த வசனங்களின் தொகை குறைந்துவிட்டது என்பதன்று. எமது துயரத்தைப் பேசுவதற்கு எமது கையிலேயே இருந்த மொழியை நாம் இழந்துவருகிறோம் என்பதே அதன் பொருள்.

இவ்வாறு கூறும்போது, முன்னோர் காலம் யாவும் பொற்காலம் என்று நான் சொல்ல வருவதாக யாரும் எண்ணலாகாது. அக்காலத்து அறிவிற் பெரும்பகுதி மனனமே. அதிகாரம் அதிகாரமாக ஒப்புவித்தோர் பலர் அதன் பொருளை ஆராய்ந்தாரல்லர். அதனினும் பெரிய குறையொன்றுண்டு. வேதத்தை அவ்வளவு கற்ற யாழ்ப்பாணத்துச் சபைகளிற் சாதி வேறுபாடு அழிந்துவிடவில்லை. ஒரே பந்தியில் அமர மறுத்தோரும், ஒரே வாங்கில் இருக்க மறுத்தோரும் வேத வசனங்களை நன்கறிந்தவர்களே. யூதனென்றும் கிரேக்கனென்றும் அடிமையென்றும் சுயாதீனனென்றும் பேதமில்லை எனும் பவுலின் போதனையைத் தம் பிள்ளைகளுக்கு மனனஞ் செய்வித்துவிட்டுச் சாதி பார்த்து மணம் பேசினர். ஆதலால் அறிவு மாத்திரம் போதும் என்பது என் வாதமன்று. ஆயினும் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். அந்த வாக்கியத்தை அறிந்த சபையை அதனைக் காட்டிக் கண்டிக்கலாம். அதனை அறியாத சபையை எதனைக் காட்டிக் கண்டிப்பது? நாவலர் மிஷனரிமாரை மிஷனரிமாரின் நூலைக்கொண்டே மடக்கினார். அவ்வாறு மடக்கப்படுவதற்குத்தானும் அவர்கள் தம் நூலை அறிந்திருக்க வேண்டியிருந்தது. நூலை அறியாத சமயத்தவரோடு எதிர்வாதம் செய்வதும் இயலாது; அவர்கள் தம்மைத் தாமே திருத்திக்கொள்வதும் இயலாது.

எமது சபையிற் புதன்கிழமை மாலைகளில் வேதபாட வகுப்பொன்று பெயரளவில் உண்டு. முதியவர் நால்வர் வருவர். போதகர் ஒரு பகுதியை வாசித்துச் செபித்து முடிப்பார். அவ்விடுமுறையில் நான் அவரைச் சந்தித்து, ஒரு புத்தகத்தை எடுத்துத் தொடக்கத்திலிருந்து வாசித்து, விளங்காததை வெளிப்படையாகக் கேட்கக்கூடியதாக வகுப்பை அமைக்கலாமா என்று கேட்டேன். அவர் சிறிது தயங்கினார். தமக்கே விடை தெரியாத வினாக்கள் எழுமே என்றார். நான் அம்மம்மாவின் குறிப்புகளைப் பற்றிக் கூறினேன். சம்மதித்தார்.

முதல் வாரம் பதினொருவர் வந்தனர். மூன்றாம் வாரம் ஆறு பேர். பெரிய எழுச்சி எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. புலம்பலின் ஐந்து அதிகாரங்களையும் வாசித்தோம். பின்னர் சங்கீதங்களுட் சிலவற்றை வாசித்தோம். 88ஆம் சங்கீதம் வந்தபோது வகுப்பு மௌனமாயிற்று. ஏனைய புலம்பற் சங்கீதங்கள் பெரும்பாலும் ஈற்றில் நம்பிக்கையை நோக்கித் திரும்புவன. இச்சங்கீதமோ அவ்வாறு திரும்பாமல் இருளிலேயே முடிந்துவிடுகிறது. 2009இல் மகனைத் தொலைத்துவிட்டு இன்றுவரை தேடிக்கொண்டிருக்கும் ஓர் அம்மா அங்கே இருந்தார். திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். “இப்பிடியும் ஆண்டவரோடை கதைக்கலாமோ, பிள்ளை?” என்று கேட்டார். போதகர் சிறிது நேரம் சிந்தித்து, “வேதத்தில கிடக்குது, அம்மா. கதைக்கலாம்” என்றார்.

அந்த அம்மா அறுபது ஆண்டுகளாக ஆலயத்துக்கு வருபவர். எமது பிரசங்கங்களும் பாடல்களும் அட்டைகளும் அவருக்கு ஆறுதலாக இரு, நம்பிக்கையாக இரு என்று அத்தனை ஆண்டுகளும் கூறின. அவருடைய துயரத்தின் அளவுக்கு ஏற்ற ஒரு வார்த்தை அவரருகே வாங்கிலிருந்த நூலிலேயே இருந்தது. அதனை ஒருவரும் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. வேதாகமம் வாசிக்கப்படாமையால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்க்கு என்னால் தரக்கூடிய விடை இதுவே.

எஸ்றா என்னும் வேதபாரகர் தண்ணீர் வாசலின் முன்னே காலை தொட்டு நண்பகல்வரை வேதத்தை வாசித்ததையும், லேவியர் அதன் பொருளை மக்களுக்கு விளக்கியதையும், மக்கள் கேட்டு அழுததையும் நெகேமியாவின் புத்தகத்திற் காணலாம். அங்கே வாசித்தலும் விளக்கலும் ஒருங்கே நிகழ்ந்தன. எத்தியோப்பிய மந்திரியொருவன் தேரிலிருந்து ஏசாயாவை வாசித்தபோது, வாசிப்பது விளங்குகிறதா என்று பிலிப்பு கேட்டதாகவும், ஒருவர் வழிகாட்டாவிடின் எவ்வாறு விளங்கும் என்று அவன் ஒப்புக்கொண்டதாகவும் அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. விளங்கவில்லை என்று கூறுவதில் அந்த மந்திரிக்கு வெட்கமிருக்கவில்லை. எமது சபைகளுக்கு இன்று வேண்டியவை இவையே: முழுமையாக வாசித்தல், விளங்காததை ஒளியாது கேட்டல், கேட்பவரை அவிசுவாசி என்று ஒதுக்காதிருத்தல். பல்கலைக்கழகத்திற் பயிலும் எமக்கு இதில் ஒரு கடமையுண்டு. சங்கப் பாடலொன்றின் திணையும் துறையும் சூழலும் அறியாமல் அதற்குப் பொருள் கூறுதல் தவறென்று இங்கே கற்கிறோம். அந்த நேர்மையை எமது வேதத்துக்கும் காட்டுதல் விசுவாசத்துக்கு மாறானதன்று.

விடுமுறை முடிந்து திரும்பும்போது அம்மம்மா தமது வேதாகமத்தை எனக்குத் தர முன்வந்தார். நான் பெற்றுக்கொள்ளவில்லை. அவருக்கு அதனை வாசித்துக் காட்ட இப்போது என் தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறான். நூல் அங்கேயே இருக்கவேண்டும். எனக்கு ஞானஸ்நானத்தின்போது கிடைத்த வேதாகமம் ஒன்றுண்டு. இருபது ஆண்டுகளாக அதன் பக்கங்கள் ஒட்டியபடியே இருந்தன. இப்பொழுது நாள்தோறும் ஓர் அதிகாரமாக வாசித்து வருகிறேன். லேவியராகமத்தை முடித்துவிட்டேன். அதன் பக்க ஓரங்களிலே பதினேழு இடங்களில் ‘விளங்கவில்லை’ என்று எழுதியிருக்கிறேன்.